பாட்டுக்குப் பட்டா யார் பெயரில்?

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, கல்லூரி இரண்டாமாண்டு படிக்கும் தம்பி ஒருவர் கைபேசியை நீட்டினார். "தோழர், ஹிப்ஹாப் பாட்டுல பங்கு விக்கிறாங்களாம். பாட்டு ஓடுற வரைக்கும் நமக்கும் ராயல்டி வருமாம். நாலாயிரம் சேத்து வெச்சிருக்கேன். நம்மள மாதிரி ஆளுங்க பாட்டுதானே, போடலாமா?"

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஆளுக்கு ஒன்று பேசினோம். ஒரு தோழர் "இதெல்லாம் முதலாளித்துவ மோசடி, போடாதே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இன்னொரு தோழர் விடவில்லை: "ஏன், நாம முதலீடே பண்ணக் கூடாதா? காலம் பூரா கூலிதானா?" அந்தக் கேள்வி எங்களுக்குச் சுருக்கென்று தைத்தது. நியாயமான கேள்வி. அதற்காகவே மூன்று வாரம் உட்கார்ந்து படித்தோம். படித்ததையும் எங்களுக்குத் தோன்றியதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில் விற்கப்படுவது என்ன என்று பார்ப்போம். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. சொல்லும் மெட்டும் சேர்ந்த ஆக்கம் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு, தொழிலில் 'மாஸ்டர்' என்பார்கள், அது இன்னொன்று. ஊர்க் கணக்கில் சொன்னால் ஆக்கம் மனை, மாஸ்டர் அதன்மேல் கட்டிய வீடு. அதே மனையில் வேறு யார் வந்து எத்தனை வீடு கட்டினாலும் மனைக்காரருக்கு வாடகை போய்க்கொண்டே இருக்கும். பாடலாசிரியர் ராயல்டி என்பது இந்த மனை வாடகைதான். ஹிப்ஹாப்பில் ராப் எழுதியவர்களுக்குப் பாதி, பீட் செய்தவர்களுக்குப் பாதி என்பது பரவலாக உள்ள வழக்கம். பழைய பாட்டு ஒன்றிலிருந்து சாம்பிள் எடுத்திருந்தால், அந்தப் பழைய மனைக்காரர் முதல் ஆளாக வந்து நின்று தன் பங்கை எடுத்துக்கொள்வார். சில சமயம் முழுவதையும்.

வாடகை எவ்வளவு? அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் ஆக்கத்துக்குத் தர வேண்டிய விகிதத்தை அரசு அமைத்த பதிப்புரிமை ராயல்டி வாரியம் முடிவு செய்கிறது. 2018க்கு முன்பு வருவாயில் 10.5 சதவீதம். 2022இல் 15.1. 2027இல் 15.35 ஆக வேண்டும். 100 ரூபாய் வருவாயில் எழுதியவர்கள், மெட்டமைத்தவர்கள், அவர்களின் பப்ளிஷர்கள் எல்லோருக்கும் சேர்த்து 15 ரூபாய். மாஸ்டரை வைத்திருப்பவருக்கு 50 ரூபாய்க்கு மேல். இந்த 15-லும் கைவைக்க வழி உண்டு. 2024 மார்ச்சில் ஸ்பாட்டிஃபை தன் சந்தாவில் ஒலிநூல்களும் சேர்ந்திருப்பதால் இனி இது 'கூட்டுச் சந்தா' என்று அறிவித்து, குறைந்த கணக்குக்கு மாறியது. இதனால் முதல் ஆண்டிலேயே 15 கோடி டாலர் குறையும் என்று பில்போர்ட் இதழ் கணக்கிட்டது. எழுதுபவர்களுக்கு ராயல்டி வசூலிக்கும் அமைப்பு வழக்குப் போட்டது. 2025 ஜனவரியில் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஒரு வரி எழுதாத கணக்குப்பிள்ளை, ஒரு சொல்லை மாற்றி, ஆயிரக்கணக்கான பாடலாசிரியர்களின் வருமானத்தைக் குறைக்க முடிகிறது. சொல்லுக்கு எவ்வளவு வலிமை பாருங்கள்.

இப்போது இந்தப் பாட்டு பிறந்த வீட்டுக்குப் போவோம். 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க், பிராங்க்ஸ், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பு. சிண்டி கேம்பல் என்ற பள்ளி மாணவி, பள்ளி திறப்பதற்குப் புதுத் துணி வாங்கக் காசு வேண்டும் என்று கீழ்த்தளத்துப் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நடத்துகிறார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவு. இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ் கேம்பல், ஜமைக்காவிலிருந்து வந்தவர். உலகம் அவரை டிஜே கூல் ஹெர்க் என்று அறியும். பாட்டு முழுவதையும் விட்டுவிட்டு, டிரம்ஸ் மட்டும் தனியாக ஒலிக்கும் துண்டை இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டே போனார். ஹிப்ஹாப்பின் பிறப்பு என்று வரலாறு குறிப்பது இந்த இரவைத்தான். இந்த இசையின் முதல் வருமானம் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் துணிச் செலவுக்குப் போனது என்பது எங்களுக்குப் பிடித்த செய்தி. களத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும்.

அந்த இரவுக்கு யாரிடமும் பட்டா இல்லை. கூல் ஹெர்க்குக்கு அதற்காக ராயல்டி வந்ததில்லை. 2011இல் சிறுநீரகக் கல்லுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளக் காப்பீடு இல்லாமல், ரசிகர்களின் நன்கொடையை எதிர்பார்க்கும் நிலையில் இருந்தார். அந்தக் கட்டடத்தின் கதையும் அப்படித்தான். குறைந்த வாடகைத் திட்டத்தில் இருந்த அந்தக் குடியிருப்பை, குடியிருப்போரும் கூல் ஹெர்க்கும் எதிர்த்துப் போராடியும், 2008இல் ரியல் எஸ்டேட் முதலீட்டாளர்கள் வாங்கினார்கள்.

ஏன் பட்டா இல்லை? இதில்தான் சட்டத்தின் சாமர்த்தியம் இருக்கிறது. 'ஆக்கம்' என்றால் மெட்டும் சொல்லும், அதாவது தாளில் எழுதிக் காட்டக்கூடியது. டிரம்ஸ் அடி அதில் வராது. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 'ஆமென், பிரதர்' என்ற இசைத்துண்டைப் பதிவு செய்தது. அதன் நடுவில் கிரெகரி கோல்மன் என்ற கருப்பின டிரம்ஸ் கலைஞர் ஏறத்தாழ ஆறு விநாடி தனியாக வாசிக்கிறார். அந்த ஆறு விநாடி, உலகத்தில் மிக அதிகமாகச் சாம்பிள் எடுக்கப்பட்ட ஒலித்துண்டுகளில் ஒன்று. ஹிப்ஹாப்பிலும் பிரிட்டனின் ஜங்கிள் இசையிலும் ஆயிரக்கணக்கான பாட்டுகள் அதன்மேல் நிற்கின்றன. கோல்மனுக்கு எதுவும் வரவில்லை. 2006இல் அட்லாண்டாவில் வீடற்றவராக இறந்துபோனார். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பதிவில் வாசித்த கிளைடு ஸ்டபிள்ஃபீல்டும் அதே கதைதான். அவருடைய அடியைப் பயன்படுத்தாத ராப் குழு குறைவு. அந்த ஆக்கத்துக்கு உரிமையாளர் ஜேம்ஸ் பிரவுன். வாசித்தவருக்கு அன்றைய கூலி.

பறை அடிக்கும் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடல்பதிவுக் கூடத்துக்குக் கூப்பிடுவார்கள், "அந்தச் சாவு அடியை அடி", "திருவிழா அடியைக் கொஞ்சம் வேகமா அடி" என்பார்கள், அரைநாள் கூலி கொடுத்து அனுப்புவார்கள். தலைமுறை தலைமுறையாக யார் கையில் அந்த அடி வளர்ந்தது என்று எந்தத் தாளிலும் இருக்காது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றையும் பாருங்கள். 1997 மார்ச்சில் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்காக பஃப் டாடியும் ஃபெய்த் எவன்ஸும் பாடிய இரங்கல் பாட்டு 'ஐல் பி மிஸ்ஸிங் யூ'. அது தி போலீஸ் குழுவின் 1983ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் கிட்டார் இழைமேல் கட்டப்பட்டது. முன்கூட்டியே அனுமதி வாங்கவில்லை. அதனால் ஆக்கத்துக்கான ராயல்டி முழுவதும் மூலப்பாட்டை எழுதிய ஸ்டிங்கிற்கே போகிறது. வேடிக்கை என்னவென்றால், சாம்பிள் எடுக்கப்பட்ட அந்தக் கிட்டாரை வாசித்தவர் ஸ்டிங் அல்ல, ஆண்டி சம்மர்ஸ். ஆனால் எழுதியவர் என்ற இடத்தில் ஸ்டிங் பெயர் மட்டும்தான் இருந்தது. (சம்மர்ஸும் இன்னொரு கூட்டாளியும் 2025இல் லண்டனில் ஸ்டிங் மீது வழக்குத் தொடுத்தார்கள்.) 2022இல் ஸ்டிங் தன் ஆக்கங்கள் அனைத்தையும் யுனிவர்சல் நிறுவனத்துக்கு விற்றார். விலை 25 கோடி டாலர் அளவில் இருக்கும் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு கருப்பின இளைஞனின் இழவு வீட்டில் பாடிய ஒப்பாரிக்கு இன்றும் மனை வாடகை போகிறது. ஸ்டிங் செய்தது சட்டப்படி சரி. பத்திரம் அவர் பெயரில் இருந்தது, அவ்வளவுதான்.

பத்திரத்தின் மதிப்பு தெரிந்தவர்கள்தான் முதலீட்டாளர்கள். 2018இல் மெர்க் மெர்குரியாடிஸ் என்பவர் ஹிப்னோசிஸ் என்ற நிதியத்தை லண்டன் பங்குச் சந்தையில் கொண்டுவந்தார். நல்ல பாட்டு தங்கத்தையும் எண்ணெயையும்விட நம்பகமான சொத்து என்பது அவர் வாதம். போர் வந்தாலும் நோய் வந்தாலும் மக்கள் பாட்டுக் கேட்பார்கள், மாதச் சந்தா வந்துகொண்டே இருக்கும். முன்பு கேசட்டோ குறுந்தகடோ வாங்கினால் ஒரு தடவைதான் காசு. இப்போது ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் காசு. அமெரிக்காவில் இன்று கேட்கப்படும் இசையில் 70 சதவீதத்துக்கு மேல் 18 மாதத்துக்கு முந்தைய பாட்டுகள். 2017இலேயே ராக் இசையை முந்தி, ஹிப்ஹாப்பும் ஆர்&பியும் சேர்ந்து அங்கே முதலிடத்துக்கு வந்துவிட்டன. பழைய ஹிப்ஹாப் பாட்டு என்பது விளைந்த நிலம்.

ஹிப்னோசிஸ் வாங்கிய முதல் தொகுப்பு, அட்லாண்டாவில் வளர்ந்த கருப்பினப் பாடலாசிரியர் தி-டிரீம் உடையது. ரிஹானாவின் 'அம்ப்ரெல்லா', பியான்சேயின் 'சிங்கிள் லேடீஸ்' ஆகியவற்றை எழுதியவர்களில் ஒருவர் அவர். பிறகு டிம்பலாண்ட், வு-டாங் கிளானின் ஆர்இசட்ஏ என்று தொடர்ந்தது. மற்ற நிறுவனங்களும் இறங்கின. 2022இல் ஃபியூச்சர் தன் ஆக்க உரிமைகளை விற்றார். 2023இல் டாக்டர் டிரே 20 கோடி டாலருக்கு மேல் என்று சொல்லப்பட்ட விலைக்குத் தன் பங்குகளை விற்றார். (டிரேயை நாங்கள் புனிதராக்கவில்லை. பெண்கள் மீது செய்த வன்முறைக்கு 2015இல் அவரே மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. அதையும் சேர்த்தே படியுங்கள்.)

விலை போடும் முறை எளிது. ஒரு பாட்டு ஆண்டுக்குத் தரும் வருமானத்தை 15, 20 என்று ஏதோ ஓர் எண்ணால் பெருக்குவார்கள். ஆண்டுக்கு 10,000 டாலர் தரும் பாட்டுக்கு ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ கையில். அதன்பிறகு வருவது வாங்கியவருக்கு. இது ஒத்தி இல்லை தோழர்களே, கிரயம். மீட்க முடியாது. வங்கி வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்த 2020, 2021இல் இந்த எண் ஏறிக்கொண்டே போனது. 2022இல் வட்டி ஏறியதும் நிலைமை திரும்பியது. 2023 அக்டோபரில் ஹிப்னோசிஸ் தன் பங்குதாரர்களுக்கு அறிவித்திருந்த ஈவுத்தொகையை நிறுத்தியது. நிதியம் இப்படியே தொடர வேண்டாம் என்று பங்குதாரர்கள் வாக்களித்தார்கள். தனியாக வந்த மதிப்பீடு, தொகுப்பின் மதிப்பைக் கால் பங்குக்கு மேல் குறைத்தது. 2024இல் பிளாக்ஸ்டோன் சுமார் 160 கோடி டாலருக்கு மொத்தமாக வாங்கிக்கொண்டது. சந்தையில் சிறுசிறு பங்கு வாங்கியிருந்தவர்கள் போட்ட பணம் வந்தால் போதும் என்று வெளியேறியபோது பெரிய மீன் உள்ளே வந்தது.

பிளாக்ஸ்டோன் யார்? 2008 நெருக்கடியில் கடன் கட்ட முடியாமல் மக்கள் இழந்த வீடுகளை ஆயிரக்கணக்கில் வாங்கி வாடகைக்கு விட்ட 'இன்விடேஷன் ஹோம்ஸ்' நிறுவனத்தை 2012இல் உருவாக்கியது அதுதான். அந்த நிறுவனத்தின் முக்கியமான சந்தைகளில் ஒன்று அட்லாண்டா. பிளாக்ஸ்டோன் 2019இல் அதிலிருந்து தன் பங்கை விற்று வெளியேறியது. ஐந்து ஆண்டு கழித்து, அதே அட்லாண்டாவில் வளர்ந்தவர் எழுதிய பாட்டுகளுக்கு மனைக்காரர் ஆனது. முதலில் வீடு, பிறகு பாட்டு. இரண்டையும் பார்க்கும் கண் ஒன்றுதான்: மாதம் தவறாமல் வாடகை வருமா?

இங்கே ஓர் எச்சரிக்கை. விற்ற கலைஞர்களைத் துரோகி என்று பேசும் வழக்கம் நம் பக்கமும் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் நகர வரைபடங்களில் கருப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தில் குறித்தது. அங்கே கடன் கொடுத்தால் ஆபத்து என்று பொருள். பிராங்க்ஸின் பல பகுதிகளும் அப்படிக் குறிக்கப்பட்டன. 1968இல் சட்டம் வரும்வரை அந்தப் பாகுபாட்டைக் கேட்க ஆளில்லை. வெள்ளையினக் குடும்பங்கள் வீட்டை அடகு வைத்துத் தொழில் தொடங்கிய நாட்டில், மூன்று தலைமுறையாக அடகு வைக்க ஒன்றுமே இல்லாத குடும்பத்தில் பிறந்த ஒருவருக்கு முதல்முறையாக ஒரு சொத்து அமைகிறது. அதைக் காசாக்கி அம்மாவுக்கு வீடு வாங்குவதை நாம் எந்த முகத்தோடு குறை சொல்வது? போதாததற்கு அமெரிக்க வரிச் சட்டமே விற்கச் சொல்கிறது. ஆண்டுதோறும் வரும் ராயல்டிக்குக் கூடுதல் வரி, மொத்தமாக விற்றால் குறைந்த வரி.

வாங்குவோரிலும் கருப்பினத்தவர் உண்டு. 2021இல் ஹார்பர்வியூ என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஷெரீஸ் கிளார்க் சோரஸ் ஒரு கருப்பினப் பெண். அதற்குப் பின்னால் நின்ற பெரும் பணம் அப்பல்லோ என்ற நிதி நிறுவனத்துடையது. தலித் முதலாளித்துவம் பற்றி நமக்குள் நடக்கும் விவாதத்தில் இதையும் ஒரு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். முகம் மாறுவதற்கு மதிப்பே இல்லை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பணம் யாருடையது என்று கேட்பதையும் நிறுத்த மாட்டோம்.

சரி, தம்பியின் நாலாயிரத்துக்கு வருவோம். இப்படிச் சில்லறையாகப் பங்கு விற்ற நிகழ்வுகளில் பெயர் பெற்றது 2022 ஜனவரியில் நாஸ் செய்தது. 'அல்ட்ரா பிளாக்' பாட்டின் ஸ்ட்ரீமிங் வருவாயில் தனக்குள்ள உரிமையின் பாதியை, ராயல் என்ற தளம் வழியாக டோக்கன்களாக விற்றார். (இது மாஸ்டர் பக்கத்து வருமானம், மனை வாடகை இல்லை, கணக்கு ஒன்றுதான்.) மிகக் குறைந்த விலை டோக்கன் 50 டாலர், அதற்கு 0.0143 சதவீதம். கால்குலேட்டரை எடுங்கள். போட்ட 50 டாலர் திரும்ப வர, அந்த உரிமை மொத்தமாக ஏறத்தாழ 3,50,000 டாலர் சம்பாதிக்க வேண்டும். ஒரு தடவை கேட்டால் ஒரு சென்ட்டில் மூன்றில் ஒரு பங்கு என்று பொதுவாகச் சொல்லப்படும் கணக்கை வைத்தால், பாட்டு 10 கோடி தடவைக்கு மேல் ஓட வேண்டும். அதுவும் அசல் வருவதற்கு. லாபம் அதற்குப் பிறகு. நாஸை நேசிப்பவர்கள் 50 டாலர் கொடுத்து அவர் பாட்டில் ஒரு துளி வைத்துக்கொள்வது ரசிகரின் மகிழ்ச்சி, அதில் தவறு இல்லை. அதை முதலீடு என்று நம்பிச் செமஸ்டர் கட்டணக் காசைப் போடாதீர்கள். பத்தாயிரம் பாட்டு வாங்குபவருக்கு நூறு பாட்டு ஓடினால் போதும். ஒரு பாட்டில் துளி வாங்குபவருக்கு அந்த வசதி கிடையாது.

ஒரு செய்தி மட்டும் இங்கே சொல்லிவிட்டுப் போகிறோம், நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும். முதலீட்டாளருக்குத் தங்கமாக இருக்கும் இதே ராப் வரிகள், நீதிமன்றத்தில் குற்றச் சான்றாக இருக்கின்றன. 2022இல் அட்லாண்டாவில் யங் தக் மீது போடப்பட்ட வழக்கில் அவர் பாடல் வரிகளையே சான்றாகக் காட்டினார்கள். 2023 நவம்பரில் நீதிபதி அதற்கு நிபந்தனையுடன் அனுமதியும் கொடுத்தார். அதே தெரு, அதே சொல். வால் ஸ்ட்ரீட்டில் அது சொத்து, அரசு வழக்கறிஞரின் மேசையில் அது ஒப்புதல் வாக்குமூலம்.

இந்தக் கதையில் எங்களுக்கு நம்பிக்கை தந்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், 1978க்குப் பிறகு படைப்பாளி எழுதிக் கொடுத்த உரிமையை 35 ஆண்டுகள் கழித்துத் திரும்பக் கேட்க வழி வைத்திருக்கிறது. முன்பு எந்த ஒப்பந்தத்தில் என்ன கையெழுத்துப் போட்டிருந்தாலும் இந்த உரிமை போகாது. மாதச் சம்பளத்துக்குச் செய்த வேலைக்கு மட்டும் இது பொருந்தாது. 1980களின் இறுதியில் எழுதிக் கொடுத்த ராப் கலைஞர்களுக்கு அந்த 35 ஆண்டு இப்போதுதான் நிறைகிறது. மயாமியின் 2 லைவ் க்ரூ குழுவினர் தங்கள் பழைய ஆல்பங்களைத் திரும்பக் கேட்டபோது, லேபிள் தரப்பு நீதிமன்றம் போனது. 2024 அக்டோபரில் நடுவர் குழு கலைஞர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 'விற்றாலும் முழுதாக விற்க முடியாத' ஓர் உரிமையைச் சட்டம் எழுதி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

நம்மிடம் அப்படி ஒன்று உண்டா? உண்டு. பலருக்குத் தெரியாது. ராஜ்யசபா உறுப்பினராக இருந்த பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் முன்னின்று வாதாட, 2012இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதன் 18ஆம் பிரிவின்படி, பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும், உரிமையை வாங்கியவரோடு சரிபாதியாக ராயல்டி பெறும் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது, விட்டுக்கொடுக்கவும் முடியாது. சட்டப்படியான வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டும்தான் கொடுக்கலாம். மீறி எழுதிய ஒப்பந்தம் செல்லாது. திரையரங்கில் படத்தோடு ஓடுவதற்கு இது பொருந்தாது. சினிமாவுக்கு வெளியே வரும் தனிப்பாட்டுக்குப் பொருந்தும். அதாவது பிளாக்ஸ்டோன் நாளைக்கே சென்னைக்கு வந்தாலும், நம் தம்பி எழுதிய ராப்பின் இந்த எழுத்துப் பங்கை அவரிடமிருந்து வாங்க முடியாது.

இதைப் படித்ததும் எங்களுக்கு நினைவு வந்தது பஞ்சமி நிலம்தான். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக, 1892 முதல் நம் மக்களுக்கு நிலம் கொடுக்கப்பட்டது. பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது, பிறகும் நம் மக்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது, மீறினால் செல்லாது என்று நிபந்தனை. சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. நிலம் எங்கே? கைநாட்டு வாங்கினார்கள், கடனுக்கு எழுதினார்கள், பதிவேட்டில் பெயரை மாற்றினார்கள். திரும்பக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விற்க முடியாது என்று எழுதியிருப்பதாலேயே நிலம் தங்கிவிடாது என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய பாடம் இல்லை.

'என்ஜாய் எஞ்சாமி'யை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து தோழர் அறிவு எழுதி, தீயோடு சேர்ந்து பாடியது. 2021இல் வந்து உலகம் முழுக்க ஓடியது. அதே ஆண்டு ஒரு புகழ்பெற்ற இசை இதழின் அட்டையில் அறிவு இல்லை, பா. இரஞ்சித் அதைக் கண்டித்தார். பாட்டு யாருடைய ஆக்கம் என்பதில் 2022இல் கலைஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வெளியே வந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், மூன்றாண்டு ஆகியும் அந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நிலம் இழந்தவர்களைப் பற்றிய பாட்டுக்கே இந்தக் கதி.

அந்தத் தம்பியிடம் இவ்வளவையும் சொல்லி முடித்தோம். கேட்டுக்கொண்டிருந்தவர் தயங்கித் தயங்கி இன்னொரு விஷயத்தைச் சொன்னார். அவரும் ராப் எழுதுவாராம். இரண்டு பாட்டை ஒரு யூடியூப் சேனலுக்குப் பாட்டுக்கு இரண்டாயிரம் என்று கொடுத்திருக்கிறார். அவர் சேர்த்து வைத்திருந்த நாலாயிரம் அதுதான்! ஒப்பந்தம் எங்கே என்று கேட்டோம். வாட்ஸ்அப்பில் வந்த ஆறு பக்க ஆங்கில பிடிஎஃப். படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். எல்லா உரிமையும், எல்லா நாட்டுக்கும், என்றென்றைக்கும், இனி கண்டுபிடிக்கப்போகும் ஊடகங்களுக்கும் என்று இருந்தது. கையெழுத்தான நாளில் இல்லாத ஊடகத்துக்கு, இன்ன ஊடகம் என்று ஒப்பந்தத்தில் குறிப்பாகச் சொல்லாமல் எழுதி வாங்க முடியாது என்றும் 2012 திருத்தம் சொல்கிறது. ராயல்டியை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் வரி செல்லாது. ஆனால் அதைக் கேட்க, பாட்டு அவருடையது என்று எங்காவது பதிந்திருக்க வேண்டும். எழுதுபவர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கம் ஐபிஆர்எஸ். திருத்தப்பட்ட சட்டத்தின் கீழ் 2017இல் மறுபடி பதிவு பெற்றது. தனி ஆளாக உறுப்பினராகலாம். நம் வட்டத்தில் பாட்டு எழுதும் ஒன்பது பேரில் ஒருவர்கூட உறுப்பினர் இல்லை. இதில் எங்கள் மேலும் தவறு இருக்கிறது. பறையும் ராப்பும் மேடையேற்ற ஓடினோம், இந்தப் படிவத்தைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தோம். அடுத்து வரப்போகும் மூன்றாவது பாட்டுக்குப் பங்குத்தாள் எழுதச் சொன்னோம். யார் எழுதியது, யார் மெட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்று பாட்டு வெளிவரும் முன்பே எல்லோரும் கையெழுத்துப் போடும் ஒரு பக்கத் தாள். தம்பி தனக்கு 50, பீட் செய்த நண்பனுக்கு 50 என்று மளமளவென்று எழுதினார். பாட்டு முழுக்கப் பறை வருகிறதே, அதை யார் அடித்தார் என்று கேட்டோம். "பக்கத்துத் தெரு அண்ணன். ஐந்நூறு ரூபா குடுத்துட்டோம் தோழர்."

"அந்த அடிய நீ சொல்லிக் குடுத்தியா, அவரா அடிச்சாரா?"

"அவரா அடிச்சதுதான். அதக் கேட்டுட்டுதான் நான் வரியே எழுதுனேன்."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பீட் செய்த நண்பனோடு ஓரமாகப் போய்ப் பேசினார். குரல் உயர்ந்தது, தணிந்தது. திரும்பி வந்து 40, 40, 20 என்று மாற்றி எழுதினார். 20 போதுமா என்று எங்களுக்குள் இன்னும் சண்டை நடக்கிறது. அந்த 20க்கு நேரே பெயர் எழுதப் போனவர் நின்றுவிட்டார். எல்லோருக்கும் அவர் 'பறை அண்ணன்'தான், முழுப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணா, உங்க முழுப் பேரு என்ன? இனிஷியலோட சொல்லுங்க."

"எதுக்குப்பா, ரேஷன் கார்டுக்குக் கேக்குற மாதிரி கேக்குற?"